ரெஜிஸ்டர் வயசு

பெற்ற பிள்ளையின் வயசைக் கூட்டிச் சொன்ன பாவி வேறு யாருமில்லை, குப்பம்மாள்தான்.

மூன்று வயசுப் பூமாலையை ஐந்து என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப்போனாள். சேர்த்துவிட்டால் மத்தியானச் சோறாவது கிடைக்குமே. கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் தேவநாதன் வாத்தியார். எட்டவில்லை. அவள் கெஞ்சினாள். அவரும் ஐந்து என்றே எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு வயசுதான் இப்போது பிள்ளைக்கு எமனாக வந்து நிற்கிறது. கண்டமங்கலம் பக்கம் கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைத் தகராறில் ஓர் ஆள் செத்துப்போனான். கூட்டத்தோடு நின்ற பூமாலைக்கும் ஆயுள் தண்டனை.

சட்டப்படி பதினாறு வயசு முடியாத பையனைப் பெரியவர்களோடு சேர்த்துப் போட்ட குற்றப்பத்திரிகையே செல்லாது என்று விழுப்புரம் வக்கீல் அப்பீல் போட்டிருந்தார். எந்த அத்தாட்சியும் பார்க்காமல் எழுதிய வயசு அது என்று தேவநாதன் வந்து சொன்னால் போதும், பையன் பிழைத்துவிடுவான் என்றார்.

தேவநாதன் இப்போது திண்டிவனத்தில் ஹெட்மாஸ்டர். அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள் குப்பம்மாள்.

“நான்தாங்க பொய் சொன்னேன். என்னை வேணா உள்ள போடச் சொல்லுங்க அய்யா. தகராறு நடந்த அன்னிக்கி அவனுக்குப் பதினாறுகூட முழுசா முடியலைங்க.”

“ரெஜிஸ்டர்ல ஏறினதுதாம்மா வயசு. அது பொய்யின்னு நானே கோர்ட்ல போய்ச் சொல்லவா? என் சர்வீஸ்ல ஒரு எழுத்து மாத்தினவன் இல்ல நான்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் சொல்வதும் நியாயம்தானே என்றுதான் அவளுக்குப் பட்டது. பொய் சொன்னவள் அவள். அதற்கு அவர் ஏன் கோர்ட்டுப்படி ஏற வேண்டும்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

ஹெட்மாஸ்டர் மனைவி கூப்பிட்டு, வெற்றிலை பாக்கோடு ஒரு லட்டைக் கொடுத்தாள். நேற்றுத்தான் அய்யாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்ததாம்.

முந்தானையில் வாங்கிக்கொண்ட குப்பம்மாள் தயங்கினாள். “ஐம்பத்தெட்டு ஆனா சர்க்கார் வேலையவுட்டு அனுப்பிடுவாங்கன்னு சொல்லிக்கினு இருப்பாங்களேம்மா?”

“நெஜ வயசை யாரு பாக்கறாங்க?” என்று அந்த அம்மாள் சிரித்தாள். “ரெஜிஸ்டர்ல அவருக்கு இப்பத்தான் ஐம்பத்தாறு.”