ஒன்பதாம் நம்பரை விட்டுடலாமா?

கழுத்துக்குப் பக்கத்தில் சவரக் கத்தி இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புத்திசாலித்தனம். பெரியவருக்கு அந்தப் புத்தி கிடையாது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு டிவியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"விட்டுடச் சொல்லுய்யா அவனை. இழுத்துப் பிடிச்சு வெச்சு என்ன பண்ணப் போறானுங்க?"

"கொஞ்சம் அசையாம இருங்க" என்றான் சவரம் செய்துகொண்டிருந்தவன்.

டிவியில் ஹாக்கிச் செய்தி. ஒன்பதாம் நம்பர் ஃபார்வர்டு இனிமேல் ஆட வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். காரணம் எதுவும் சொல்லவில்லை. கிளப் லேசில் விடுவதாக இல்லை. இன்று சாயங்காலத்துக்குள் நல்ல பதிலாகச் சொல் என்று கெடு வைத்திருந்தது. அவனை வைத்துக்கொள்வதா விடுவதா என்று ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறையிலும் இரண்டு கட்சி இருந்தது. எதிர்க்கட்சி பக்கத்து வீட்டுக் கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் அவர் பேச்சில், எல்லோரையும் உள்ளே தள்ளி நிற்கச் சொல்லும் தோரணை போகவில்லை.

"நல்லா இருக்கே உங்க நியாயம். அவன் பந்தோட உள்ள வந்தாலே எதிர் டீம் கோல்கீப்பருக்கு வயித்தைக் கலக்கும். அவனைப் போய் விடச் சொல்றீங்களே. அவன் போனா டீம் அம்போதான்."

"போகட்டும். குடியா முழுகிடும்?"

கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சவரம் செய்பவனைப் பிடித்தார்.

"நீ சொல்லு தம்பி. அவன் போறது உனக்கு நியாயமாப் படுதா? காலு நல்லாருக்கு, மூச்சு நல்லாருக்கு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் தாராளமா ஆடலாம். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேற என்ன இருக்கு? வாரத்துல ஒரு மேட்ச். அதையும் பிடுங்கிக்கிட்டுப் போனா எப்படி?"

"அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றான் அவன், கத்தியை மக்கில் அலசிக்கொண்டே.

"கஷ்டம் இருக்கட்டும். விட்டுட்டு வர்றதை யாராவது புரிஞ்சுக்கிட்டாலாவது பரவால்ல. அதுவும் இல்லேன்னா என்ன பிரயோஜனம்?"

கத்தி தாடையில் லேசாகக் கீறிவிட்டது. பெரியவர் உஸ்ஸென்றார்.

"தொழிலுக்குப் புதுசா?"

"ஆமாங்க. இப்பத்தான் கத்துக்கிட்டு வர்றேன்."

"நல்லாக் கத்துக்கிட்டே போ, என் மூஞ்சியில. அது சரி, எனக்குக் காபி ஏன் இன்னும் வரல?"

அவர் கைக்குப் பக்கத்தில் குடித்து முடித்த டம்ளர் இருந்தது. கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவன் வேண்டாமென்று தலையசைத்து, "இதோ வந்துடும்" என்றான்.

டிவியில் ஒன்பதாம் நம்பர் அடித்த பழைய கோல்களைப் போட ஆரம்பித்தார்கள். மீசை கூடச் சரியாக முளைக்காத பையன் ஒருவன், மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் பந்தோடு பாய்ந்தான். பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பாரு, பாரு. விடாதே. அடிச்சான் பாரு." தொடையில் ஓங்கித் தட்டினார்.

கண்டக்டருக்கு இது போதுமே. "இப்படி ரசிக்கற ஆளு, எதுக்கு அவனை விட்டுடு விட்டுடுன்னு குதிக்கறீங்க? அவன்மேல அப்படி என்ன கோபம் உங்களுக்கு?"

பெரியவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கன்னத்து நுரை காய ஆரம்பித்திருந்தது.

"கோபமா? அவன் என் பையன்யா."

கண்டக்டர் தரையைப் பார்த்தார்.

"இருக்கறது ஒரே பிள்ளை. ஸ்டிக்கைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போயிடறான். டிவியில மூஞ்சி தெரியும். சரி, நல்லாப் பார்ப்போம்னு கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டறதுக்குள்ள விளம்பரம் போட்டுடறான். அவங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்ல நான் ஒண்டிக்கட்டை. டீமுக்கு ஆயிரம் ஃபார்வர்டு கிடைப்பான்யா. எனக்கு எவன் கிடைப்பான்? அவனை விடச் சொல்லு. வீட்டுக்கு வரட்டும்."

வீறாப்பெல்லாம் வடிந்து, கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தக் குரல். கேட்கவே மனசு தாங்கவில்லை. கண்டக்டர் எழுந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே வெளியே போய்விட்டார்.

மேஜை மேல் செல்போன் அடித்தது. அவன் எடுத்து யாரென்று பார்த்தான். பேசவில்லை, அணைத்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த கன்னத்துக்குப் புதிதாக நுரை போட்டு மழித்தான். பிறகு ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டான். காது மடல்வரை நிதானமாகத் துடைத்தான்.

பெரியவருக்கு அவனைப் பிடித்துப் போய்விட்டது. "நல்ல பையனாத் தெரியறே தம்பி. உனக்கு அப்பா இருக்காரா?"

"இருக்காரு."

"வயசானவரா?"

"ஆமா."

"அவரும் என்னை மாதிரி வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீ பாட்டுக்கு ஊரார் மூஞ்சியை மழிச்சிக்கிட்டு இங்க நிக்கிறியே. போ, போய் அவரைப் பாரு."

அவன் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தான். பெரியவரின் காலடியில் உட்கார்ந்தான்.

"அவரைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன், அப்பா."