பேசாத வயர்லெஸ்

காலையிலிருந்து டிரெய்லர் லாரியின் வயர்லெஸ்ஸில் சத்தமே இல்லை. கல்மண்டபத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, மெக்கானிக் முபாஷிரை வரவழைத்தான் ஜெனிஷ்.

"ஆபீஸ்ல நம்ம டிரைவர் ராசையாண்ணன விசாரிச்சிகினு கீறாங்க மாமு. அவுரு வேலை போச்சா இல்லியான்னு இந்த வயர்லெஸ்லதான் தெரியும்."

"கன்டெய்னர் யார்டு கேட்டை இடிச்சது அவுரு. நீ ஏன் பேஜாராவுற?" ஸ்பீக்கர் ஒயரைச் சோதித்தபடியே கேட்டான் முபாஷிர்.

ஜெனிஷ் தலைகுனிந்தான். "இடிச்சது நான்தான். வெளியே சொல்லிடாத."

முபாஷிர் மைக்கைக் கையிலெடுத்தான். அது ஆடாமலிருக்க ஜெனிஷ் காலையில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டு, பேசும் பொத்தானையும் சேர்த்து அமுக்கியிருந்தது.

"இத அமுக்கினா நமக்கு ஒண்ணும் கேக்காது தோஸ்து. நாம பேசறதுதான் எல்லாருக்கும் கேக்கும்."

ரப்பர் பேண்டைக் கழற்றியதும் ஸ்பீக்கரில் ராசையாவின் குரல் வந்தது.

"ஜெனிஷு தம்பி, என்னை வண்டியெடுக்கச் சொல்லிட்டாங்க. உன்னை ஆபீஸுக்கு வரச் சொல்றாங்க."