புதிதாகப் பழகுபவர்களுக்கு

“பொழுதுபோக்குக்குத்தான்” என்று மாஸ்டர் இரண்டாம் முறையும் சொன்னார். எதற்கென்று கடைக்காரர் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை.

மேசைமேல் மூன்று செட்டுகள் விரித்துக் கிடந்தன. சாவியில்லாமல் பூட்டைத் திறந்து பழகுவதற்கான மெல்லிய எஃகுக் கம்பிகள். சின்னது, நடுத்தரம், தோல் உறை போட்ட பெரியது. பக்கத்தில், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிற பூட்டு ஒன்று.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். கடைக்காரரும் அவரிடம் கற்றவர்தான். முதல் நாளே ரிவர்ஸில் போய் யார் வீட்டுச் சுவரையோ இடித்தவர். அப்படியும் விடாமல் கற்றுத்தந்த நன்றியில் மாஸ்டருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்.

அதுதான் வினையாகிப் போனது. வாங்கியதும் வாங்காததுமாக நழுவிவிடலாம் என்றுதான் மாஸ்டர் வந்திருந்தார்.

கடைக்காரருக்கு இந்தப் பேச்சென்றால் சோறு வேண்டாம். பெரிய செட்டு பார்க்கத்தான் பந்தா, புதிதாகப் பழகுகிறவருக்கு அதில் முக்கால்வாசி வீண் என்றார். ஒரு கம்பியால் பூட்டை லேசாகத் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றால் உள்ளே இருக்கிற பின்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். பொறுமைதான் முக்கியம்.

மாஸ்டரின் கண் சின்னச் செட்டிலேயே இருந்தது. சட்டைப்பைக்குள் அடங்கிவிடும்.

“நல்லாப் பழகிட்டா எவ்வளவு நேரத்துல திறக்கலாம்?” குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“என்ன மாஸ்டர், பகல்ல டிரைவிங், ராத்திரி வேற தொழிலா?”

ஆணி வாங்க வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துவைத்தார். காது மடல் சுட்டது.

பொழுதுபோக்கு என்றாலே அவசரம் இல்லாததுதானே என்று கடைக்காரர் சமாதானம் சொன்னார். மாஸ்டர் தலையாட்டிக்கொண்டார்.

அப்போது மாஸ்டரின் மகள் உள்ளே வந்தாள்.

காரிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். ஒரு பல்பு வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுகிறேன் என்றிருந்தார். அவர் விட்டுவந்த போன் விடாமல் அடிக்கவே, எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் மேசையைப் பார்த்துவிட்டாள்.

மாஸ்டர் உள்ளங்கையை விரித்துக் கம்பிகளை மறைக்கப் பார்த்தார். விரலிடுக்கில் அவை மின்னின.

கடைக்காரர் சும்மா இருந்திருக்கலாம். “அப்பாவுக்குப் புது ஹாபிம்மா” என்றார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தாள். அதில் ஒரே மாதிரி இரண்டு சாவிகள்.

அவளுடைய அறைச் சாவிகள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, இரண்டுமே தனக்கு வேண்டும் என்று கேட்டாள். டாக்டரும் கொடுக்கச் சொன்னார். ‘உன்னை நம்பாம வேற யாரை நம்பப்போறேன்’ என்று மாஸ்டர்தான் தன் கையால் கொடுத்தார்.

அது புதுப் பூட்டு. கதவும் புதுசு. பழைய கதவை மாஸ்டரும் அக்கம்பக்கத்தாரும் மோதி மோதி உடைக்க வேண்டியிருந்தது. உள்ளே அவள் கிடந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவர் தூக்கம் எல்லாம் அந்தக் கதவடியில்தான்.

கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர்கள் யாரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. இதுவும் அப்படித்தான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். மகள் முன்னால் அந்த நியாயம் அவருக்கே நொண்டியடித்தது.

அவள் ஒரு சாவியைக் கடைக்காரரிடம் காட்டினாள்.

“இந்தப் பூட்டுக்கு இதுல எது சரியா வரும்?”

கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது கொஞ்சம் கறாரான பூட்டு, சின்னச் செட்டு சரிப்படாது, நடுவில் இருப்பதுதான் தோது என்றார். சாவி கையிலேயே இருக்கும்போது கம்பி எதற்கு என்று சிரிக்கவும் செய்தார்.

“சாவி என்னோடது.” வளையத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். “கம்பி அப்பாவுக்கு. என் கதவுலயே பழகட்டும். நான் உள்ளேதான் இருப்பேன்.”

கடைக்காரர் நடுச் செட்டைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார்.

மாஸ்டருக்குத் தலை நிமிரவில்லை. அவள்தான் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.