காவலாளியின் பார்வை

"சேர்ந்த நாள்லேருந்து இவர் என் கண்ணையே வெறிச்சுப் பாக்கறார், சார். உடம்பெல்லாம் கூசுது," என்றாள் ரிசப்ஷனிஸ்ட்.

மேனேஜர் புதுக் காவலாளியிடம் திரும்பினார். "இந்த வயசுல என்னய்யா இது? ஏன் பாக்கறே?"

பெரியவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். வேலை போயிற்று.

வாசல்வரை போய் அவள் வழிமறித்தாள். "ஒரு சமாதானம்கூடச் சொல்லாமப் போறீங்களே, ஏன்?"

"முப்பது வருஷம் செயற்கைக் கண்ணுக்கு வர்ணம் தீட்டினவன்மா நான். உன் வலது கண்ணு என் கைவேலை. நிறம் மங்கிடுச்சோன்னுதான் பாத்தேன். அதை எப்படிம்மா அவர்கிட்டச் சொல்வேன்?"

அது பொய்க்கண் என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் உள்ளே வந்தாள். மேனேஜரின் அறைக்கதவு திறந்தே இருந்தது. அதைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.