முயல்குட்டியின் ஒரே வசனம்

கோடை நாடக முகாமில் முயல்குட்டிக்கு ஒரே வசனம்தான்: "மழை வருது, எல்லாரும் உள்ளே வாங்க!" பாதி சொல்வதற்குள் மற்ற குட்டிகள் உற்சாகமாகக் கைதட்டின. அது மிரண்டுபோய்ப் புதருக்குள் ஓடி ஒளிந்துகொண்டது.

"பாராட்டினா யாராவது ஓடுவாங்களா?" என்று சலித்துக்கொண்டது, நாடகம் சொல்லித்தரும் குரங்கு.

"பாராட்டுன்னு தெரியுது அண்ணே. ஆனா காதுக்குள்ள இடி விழுற மாதிரி இருக்கு" என்றது முயல்குட்டி, புதருக்குள்ளிருந்தே.

குரங்கு புதருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்த நீளக் காதுகளைப் பார்த்தது. பிறகு மற்ற குட்டிகளிடம் போய் ஏதோ கிசுகிசுத்தது.

மறுநாள் முயல்குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு வசனத்தை முழுசாகச் சொல்லி முடித்தது. ஒரு சத்தமும் இல்லை. மெல்லக் கண்ணைத் திறந்தால், அணில், நாய்க்குட்டி, கன்றுக்குட்டி எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. குரங்கும் ஆட்டியது, பழக்கதோஷத்தில் தட்டிவிடுமோ என்று தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டு.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லட்டுமா?" என்று கேட்டது முயல்குட்டி.