வீட்டுக்காரர் மனம் குளிர

கொத்தனார் கண் விழித்தபோது, பெரியவர் காபித் தட்டோடு கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். நாலு நாளாக மேசைக்கு வந்த காபி, இன்று கட்டிலுக்கே வந்துவிட்டது.

"யோவ், எழுந்திருய்யா! வீட்டுக்காரர் வந்து நிக்கிறாரு" என்று பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெயின்டரை உலுக்கினார்.

பெயின்டர் பனியனோடு எழுந்து ஒரு கும்பிடு போட்டார். பெரியவரும் தட்டை வைத்துவிட்டு அதேபோல் கும்பிட்டுவிட்டுப் போனார். இத்தனை நாளில் அதையும் கற்றுக்கொண்டிருந்தார்.

இருவரும் இருபத்தெட்டு வருடம் ஒன்றாய்ச் சாரம் ஏறியவர்கள். "ஊரான் வீட்டையே கட்டிக்கிட்டிருந்தா எப்படிப்பா? வெளிநாடு ஒண்ணைப் பாத்துட்டு வாங்க" என்று கொத்தனாரின் மகள்தான் டிக்கெட் எடுத்து, இந்த வீட்டில் ஐந்து நாளைக்கு ஓர் அறையும் பேசிவிட்டாள்.

வந்திறங்கிய அன்று, வாசலில் இருந்த சின்னப் பெட்டியில் அவள் சொன்ன எண்ணை அழுத்திச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்கள். உள்ளே பெரியவரும் அவர் மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களைக் கண்டதும் இருவரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

"என்ன மரியாதைய்யா!" என்று பெயின்டர் அப்போதே உருகிப்போனார். கொத்தனாரோ சுவரைத் தட்டிப் பார்த்து, கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவருக்கு அது பழக்கம்.

பாஷை தெரியாது. ஆனால் வயிற்றுக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. அந்தம்மா சுட்ட மீன், இன்னதென்று தெரியாத ஒரு புளிப்புச் சாறு, செங்கல் கனத்தில் ஒரு ரொட்டி எல்லாம் தினமும் மேசைக்கு வந்தன. ரொட்டி சாற்றில் ஊறியதும் அமிர்தமாயிருந்தது.

ஊர் பார்க்கவும் பெரியவர் கூடவே வந்தார். மணிக்கூண்டுக்கு வழி தெரியாமல் மூன்று பேரிடம் கேட்டார்.

"உள்ளூர்க்காரன் எவன்யா மணிக்கூண்டைப் பாக்கப் போறான்? நமக்காகப் பாவம் அலையறாரு" என்றார் பெயின்டர்.

இன்று காபி குடித்து முடிப்பதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, ஏர்போர்ட்ல ஸ்ட்ரைக். இன்னைக்கு உங்க விமானம் இல்ல, ரெண்டு நாளைக்கு எதுவும் கிளம்பாது. அங்க மாட்டிக்கிட்டவங்களே எல்லா ரூமையும் பிடிச்சுட்டாங்க, ஊர்ல ஒரு கட்டில்கூடக் காலி இல்ல. வீட்டுக்காரருக்கு மெசேஜ் போட்டேன், பதிலே காணோம். நீங்களே நேர்ல கேளுங்க."

"என்ன பாஷையிலம்மா கேக்கறது?"

"உங்க போன்ல ஒண்ணு ஏத்தித் தரேன். நீங்க பேசினா அது அவங்க பாஷையில சொல்லும்."

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருவரிடமும் இருந்தது பருத்திச் சட்டைகள்தான்.

"எடுத்த எடுப்புல கேக்கக் கூடாதுய்யா. மொதல்ல வீட்டுக்காரர் மனசைக் குளிர வைக்கணும்" என்றார் பெயின்டர்.

கொத்தனார் குளியலறையில் பெயர்ந்திருந்த டைல்ஸை ஒட்டிவிட்டு வெளியே வந்தார். அங்கே பெரியவர் மண்டிபோட்டுக் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயின்டர் ஓடிப்போய்த் துணியைப் பிடுங்கினார். பெரியவர் விடவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.

அதற்குள் அந்தம்மா நாற்காலி மேல் ஏறி ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். கொத்தனார் கெஞ்சி அவரை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். இறங்கியவர் நேராகப் போய் இவர்களுடைய அழுக்குச் சட்டைகளை அலசிப் போட்டார்.

"என்னய்யா இது, நாம ஒண்ணு செஞ்சா அவங்க ரெண்டு செய்யறாங்க?"

"அதான்யா எனக்கும் சந்தேகமா இருக்கு" என்றார் கொத்தனார். "நம்ம அறையை வேற யாருக்கோ பேசி முடிச்சிட்டாங்க. புது ஆளு வருதுன்னுதான் இந்தத் துடைப்பு."

மத்தியானத்துக்குள், அன்றுதான் பால் காய்ச்சப்போகிற புதுவீடு மாதிரி அது மின்னியது. நாலு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பெரியவர் நல்ல மீன் துண்டாகப் பார்த்துக் கொத்தனார் தட்டில் வைத்தார். கொத்தனார் அதை எடுத்து அந்தம்மா தட்டில் வைத்தார். அவர் பெயின்டருக்குத் தள்ளினார். மீன் மூன்று சுற்று சுற்றி ஆறிப்போனது.

"இதுக்கு மேல உடம்பு தாங்காது. கேட்டுடுய்யா" என்றார் பெயின்டர்.

கொத்தனார் போனை வாயருகே பிடித்தார். "ஐயா, நீங்கதான் பெரிய மனசு பண்ணணும். விமானம் ஓடல. இந்தப் பனியில வெளிய படுத்தா விறைச்சே போயிடுவோம். இன்னும் ரெண்டு நாள் எங்களை இங்க தங்க விடுங்க. வேணும்னா மொத்த வீட்டுக்கும் பெயின்ட் அடிச்சுத் தர்றோம்."

"யோவ், மொத்த வீட்டுக்குமா?" என்று முனகினார் பெயின்டர்.

போன் அதையும் விடாமல் சேர்த்து அவர்கள் பாஷையில் ஒப்பித்தது.

பெரியவர் கையிலிருந்த முள்கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது. அந்தம்மா முகம் வெளுத்துப்போய் அவரைப் பார்த்தார்.

"போச்சு. இன்னைக்கு ராத்திரி நமக்கு மணிக்கூண்டுதான்" என்றார் பெயின்டர்.

பெரியவர் போனை வாங்கி, அதனிடம் ஏதோ கேட்டார். செய்தி வாசிக்கிற குரலில் அது தமிழில் சொன்னது:

"ஐயா, அப்படியென்றால் இந்த வீடு உங்களுடையது இல்லையா?"