இடது பக்கத்து வீடு

“என் பேர் பிரசன்னா. வயசு இருபத்தொண்ணு. மேற்குத் தாம்பரத்துல ஒரு ஓட்டு வீட்டுக்குள்ள இருக்கேன். வெளிய பூட்டிட்டாங்க.”

செல்போனை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு கிசுகிசுத்தான் பிரசன்னா. அவன் பேசப் பேச, திரையில் எழுத்துகள் வந்து விழுந்தன. சங்கராபுரத்தில் இருக்கும் அக்கா வினிதாவுக்கான செய்தி அது. கையால் அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஏதாவது ஆபத்து என்றால் முதலில் பேர், வயசு, இருக்கிற இடம் மூன்றையும் சொல்லிவிடு என்று, சென்னைக்கு பஸ் ஏறிய அன்றே அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

கால் மணி நேரம் முன்பு அவன் எதிர்ச்சாரியில் நின்று இந்த வீட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்காரி கங்கம்மா ஓடி வந்து சட்டையைப் பிடித்தாள். போன மாதம் இப்படித்தான் எவனோ பின்பக்கத்துக் காலி மனையைப் படம் எடுத்துப் போனானாம். மறுவாரமே அங்கே வேறொருவன் பெயரில் போர்டு நின்றதாம். ஊர் வரலாறு புத்தகத்துக்குத்தான் என்று அவன் சொன்னதைக் காதில் வாங்காமல் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, அவனை முன்னறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள்.

“என் புள்ள தீனா வர்ற வரிக்கும் குந்திகினு இரு. அப்பால பேசிக்கலாம்.”

அக்காவுக்குச் செய்தியை அனுப்பும் முன் கங்கம்மா கதவைத் திறந்தாள். பிரசன்னா போனை மடியில் மறைத்தான்.

“ஊர் வரலாறு புக்குன்னியே, எங்க? காட்டு பாக்கலாம்.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அம்மிக்கல் கனம், வழவழப்பான தாள். ஊர் வரலாறு, புதுக் கட்டடக்கலை, கலைப் புகைப்படம் எல்லாம் சேர்ந்த புத்தகம். போன வருடம் வந்த முதல் பாகம் அது. இரண்டாம் பாகத்துக்குத்தான், அவன் உதவியாளாக வேலை பார்க்கும் போட்டோகிராபர் இவனை முதல்முறையாகத் தனியே அனுப்பியிருந்தார்.

கங்கம்மா தரையில் உட்கார்ந்து புரட்டினாள். இடது பக்கங்களில் கறுப்பு வெள்ளையில் பழைய வீடுகள், கீழே நாலு வரி. வலது பக்கங்களில் கண்ணாடியும் கம்பியுமாகக் கட்டடங்கள். தனக்கு எழுத்து தெரியாது, எதுவாயிருந்தாலும் பின்கட்டில் குடியிருக்கும் ரோஸிதான் படித்துச் சொல்லும் என்றாள். ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது.

“குரோம்பேட்டை குப்புராஜ் அண்ணன் வூடாச்சே இது. அந்தப் பக்கம் போயே ரெண்டு வருசமாவுது. எவ்ளோ ஷோக்கா கீது பாரு.”

முகத்தில் கோபம் கரைந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது என்ன என்று கேட்டாள். புதுக் கட்டடம் என்று முணுமுணுத்தான்.

“ஊரு வளந்த கதைன்னு சொல்லு. அப்ப நம்ம வூடும் இதுல வரப் போவுதா?”

பிரசன்னா அவளை நிமிர்ந்து பார்த்தான். “உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலையாம்மா?”

“இன்னா சொல்லணும்?”

“ஒண்ணும் இல்லம்மா.”

கதவு இப்போது திறந்துதான் கிடந்தது. இருந்தும், பூட்டிக் கிடந்தபோதைவிட இப்போதுதான் அவனுக்கு அதிகம் பயமாக இருந்தது.

தீனா போனில் வந்தான். கங்கம்மா ஸ்பீக்கரில் போட்டாள். தான்தான் அந்தப் பையனை வரச் சொன்னதாகவும், பேச்சுக் கொடுக்காமல் அனுப்பிவிடும்படியும் சொன்னான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா? அம்மாளுக்குத் தெரியாம இம்மா ஏற்பாடு பண்ணிகீறான். நீ இரு, நான் சேலை மாத்திகினு வர்றேன்.”

போனையும் கேமராவையும் அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிரசன்னா ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தான்.

“தம்பி,” என்றான் தீனா, அவசரமே இல்லாமல். “கிழவிகிட்ட வாயத் தொறந்தேன்னு வையி, தாம்பரத்தத் தாண்ட மாட்ட.”

கங்கம்மா கல்யாணப் பட்டில் வந்தாள். வாசற்காலில் கை வைத்து, கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். கேமரா ஆடியது.

“இன்னாடா இப்டி நடுங்குற? நான் கடிக்க மாட்டேன்.” சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே படம் விழுந்தது. படத்தைத் தனக்கும் அனுப்பச் சொல்லி நம்பர் கொடுத்தாள். சட்டையைப் பிடித்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஒரு சொம்பு மோரும் கொடுத்தாள்.

ஸ்டேஷன் வரை பிரசன்னா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். பிளாட்பாரத்தில் பைக் சாவியைச் சுழற்றியபடி நடந்த ஒவ்வொருவனும் தீனாவாகத் தெரிந்தான். அக்காவுக்கான செய்தியை அழித்தான். கங்கம்மாவின் நம்பருக்குப் படத்தை அனுப்பினான். பிறகு ஒரு பெஞ்சின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, அதே நம்பருக்கு எழுத்தாக விழும்படி மைக்கை அழுத்தினான். பீச் போகும் ரயில் வந்து நின்றது, அவன் ஏறவில்லை.

“என் பேர் பிரசன்னா. வயசு இருபத்தொண்ணு. தாம்பரம் ஸ்டேஷன்ல இருக்கேன். அம்மா, அந்தப் புத்தகம் அடுக்குமாடி கட்டி விக்கிற கம்பெனி போடறது. இடது பக்கம் இருக்கிற வீட்ட இடிச்ச எடத்துலதான் வலது பக்கத்துக் கட்டடம் வரும். உங்க வீட்டுக்கும் வலது பக்கம் வரைஞ்சு ரெடியா இருக்கு, பன்னெண்டு மாடி. உங்க மகன் எழுதிக் குடுத்துட்டார். இதை யார் படிச்சாலும் சரி, தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க. அந்த அம்மாகிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டுங்க.”